ஓர் உயிர், பத்து மெய்

முதல் நாள்: மேட்டுப்பாளையம், கோத்தகிரி

பிழை திருத்துவது என் தொழில். மதுரையில் உட்கார்ந்துகொண்டு நாலைந்து பதிப்பகங்களுக்கும் ஒரு மாதப் பத்திரிகைக்கும் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துக் கொடுத்துப் பிழைக்கிறவன். போன ஐப்பசியில் அந்தப் பத்திரிகையில் நீலகிரி பற்றி ஒரு கட்டுரை வந்தது. ‘கோத்தர்கள் பேசுவது தமிழின் கொச்சை வடிவம்’ என்று, அந்த மலையின் பழங்குடிகளில் ஒன்றைப் பற்றி அதில் ஒரு வரி. அந்த வரியில் நான் கண்டுபிடித்துத் திருத்தியது ஒரே ஒரு சந்திப்பிழையை. வரி அப்படியே அச்சேறியது.

இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு போன். கோத்தகிரியில் இருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர். கோத்தர். என் நம்பரை யார் கொடுத்தார்கள் என்று இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். நிதானமாகப் பேசினார்.

“சார், எங்க பேச்சை நீங்க எப்பவாவது காதால கேட்டிருக்கீங்களா?”

“இல்லைங்க.”

“ஒரு தடவை வந்து கேளுங்க. அப்புறம் கொச்சையா இல்லையான்னு எழுதுங்க.”

அதனால்தான் இந்த மாசிக் குளிரில் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினேன். குன்னூர் வழியில் போகும் கூட்டம் இந்த வழியில் இல்லை. பாக்கு மரம் பின்தங்கி, மூங்கில் பின்தங்கி, தேயிலை வந்ததும் காது அடைத்துக்கொண்டது. கேட்க வந்தவனுக்கு முதலில் அடைத்தது காது!

கோத்தகிரி என்ற பேரிலேயே கோத்தர் இருக்கிறார்கள். மற்றவர்கள் வைத்த பேர்தான் கோத்தர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ‘கோவ்’ என்று. ஊர் மொத்தம் ஏழு. ஏழுக்கும் அரசாங்கத் தாளில் ஒரு பேர், வீட்டுப் பேச்சில் ஒரு பேர். கோத்தகிரி பொர்கார், கீழ்க்கோத்தகிரி கினார், குந்தா கோத்தகிரி மேனார், கொல்லிமலை கொல்மேல், திருச்சிக்கடி திச்கார், சோலூர் கோக்கால் குர்கோஜ், கூடலூர் கோக்கால் கலாச். (நாமக்கல் கொல்லிமலை வேறு.) எழுத்தில் நான் போடுவது கிட்டத்தட்டத்தான். நம் எழுத்துக்குள் இந்த ஒலிகள் முழுசாக அடங்கவில்லை. அது ஏன் என்று இரண்டாம் நாளில் வரும்.

இந்த ஏழு ஊரைத் தாண்டி உலகத்தில் வேறெங்கும் இந்த மொழிக்கு ஊர் கிடையாது. 2001 மக்கள்தொகைக் கணக்கில் இதைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர். என் தெருவில் இருக்கும் கல்யாண மண்டபத்தில் இதைவிட அதிகம் பேர் பந்தியில் உட்காருவார்கள்.

ராத்திரி லாட்ஜில் வெந்நீர் வரவில்லை. போர்வைக்குள் சுருண்டுகொண்டு போனில் கால்டுவெல்லைப் புரட்டினேன். 1856-ல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதியவர். அவரே கோத்தர் மொழியைக் கன்னடத்தின் பழைய, முரட்டுக் கிளைமொழி என்றுதான் எடுத்துக்கொண்டார். ஆக, கொச்சை என்று சொல்வதில் நான் முதல் ஆள் இல்லை. அந்த நினைப்பில் கொஞ்சம் சூடு கிடைத்தது. அல்பம்தான்.

இரண்டாம் நாள்: பொர்கார்

காலையில் டீச்சர் ரோட்டோரம் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். முதலில் கட்டளைகள். கோயில் பக்கம் செருப்பு கூடாது, அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது, போனைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். “பதிவு பண்ணலாமா?” என்றேன். “நீங்க என்ன மெஷினா? காதால கேளுங்க சார்.”

வரிசையாக வீடுகள். ஓட்டு வீடு, கான்கிரீட் வீடு, வாசலில் பைக். கூரை வேய்ந்த குடிசையும் கம்பளி போர்த்திய ஆளும் எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துதான் போக வேண்டும். வங்கியில் வேலை, தபால் துறையில் வேலை, கோயம்புத்தூரில் படிக்கும் பிள்ளைகள். வெள்ளைச் சேலையும் வெள்ளைப் போர்வையுமாக இரண்டு பெண்கள் எங்களைக் கடந்து போனார்கள். டீச்சரிடம் ஏதோ கேட்டார்கள், டீச்சர் ஏதோ சொன்னார், மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு சொல் பிடிபடவில்லை. தமிழின் கொச்சை வடிவம் என்றால் எனக்குப் பாதியாவது புரிந்திருக்க வேண்டாமா?

தெருவைக் காட்டி டீச்சர் சொன்னார்: “இதை நாங்க கேர்னு சொல்லுவோம்.”

நான் தலையாட்டிவிட்டு இரண்டு எட்டு நடந்தேன். அப்புறம் நின்றுவிட்டேன்.

கேர். சேரி!

“காதுக்கு என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டேன். கெவ் என்றார். செவி. இங்கே கெ, அங்கே செ. கன்னடத்திலும் கேரி, கிவி என்று க-தான். மொழியியல் படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. இ, எ மாதிரியான உயிர்களுக்கு முன்னால் இருந்த ககரத்தைத் தமிழ் ஒரு காலத்தில் சகரமாக்கிக்கொண்டது. கோத்தர் மொழி ஆக்கவில்லை. எனக்கும் இது புத்தக அறிவாக எங்கோ மூலையில் கிடந்ததுதான். ஆனால் ஒரு தெருவில் நின்று, அந்தத் தெருவின் பேராகவே அதைக் கேட்கிறபோது வேறு மாதிரி இருக்கிறது. இந்த இரண்டில் ‘கொச்சையாக’ மாறியது எது என்று யாராவது கேட்டால், சேரி என்று எழுதுகிற நான்தான் கையைத் தூக்க வேண்டும்.

இதை டீச்சரிடம் உற்சாகமாகச் சொன்னேன். ‘உங்களுடையது எங்களைவிடப் பழசு’ என்கிற மாதிரி. அவருக்கு அது பிடிக்கவில்லை.

“நேத்து வரைக்கும் கொச்சைன்னீங்க, இன்னைக்குப் பழசுங்கறீங்க. ரெண்டுக்கும் நடுவுல சும்மா ஒரு பாஷைன்னு சொல்ல வாய் வராதா சார்?”

எனக்குப் பதில் இல்லை. அவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வீடு இங்கே ‘பய்’. அம்மா ‘அவ்’; நம் ஔவை அங்கே ஒரே அசையில் அடங்கி உட்கார்ந்திருக்கிறாள். பார்த்தீர்களா, மறுபடி ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு சொல் வரும்போதும் அதன் சட்டையைப் பிடித்து ‘நீ எங்க ஊர்தானே’ என்று கேட்கிற வியாதி. ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்து ரெண்டு நிமிஷத்தில் உறவு கண்டுபிடிக்கிற மாமாக்கள் மாதிரி.

பேச்சுக்கு, மொழிக்கு அவர்கள் சொல் ‘மாந்த்’. கோவ் மாந்த் என்றால் கோத்தர் பேச்சு. இதையும் உறவு பார்க்காமல் இருக்க முடியவில்லை. தமிழில் மாற்றம் என்ற சொல்லுக்குப் பேச்சு என்று ஒரு பொருள் இருந்தது. சிவபுராணத்தில் ‘மாற்றம் மனங்கழிய நின்ற மறையோனே’ என்று வருவது சொல்லையும் மனதையும் கடந்தவன் என்ற பொருளில். தெலுங்கில் மாட்ட, கன்னடத்தில் மாத்து. நாம் அந்தப் பொருளைத் தொலைத்துவிட்டு, மாற்றம் என்றால் தேர்தலில் வருவது என்று வைத்துக்கொண்டோம்.

சாப்பாட்டுக்கு அப்புறம் காதுப் பரிசோதனை. டீச்சர் மூன்று சொற்கள் சொன்னார். எனக்கு இரண்டாகக் கேட்டன. மறுபடி சொன்னார். மறுபடி இரண்டுதான். அவருடைய பத்து வயதுப் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். விஷயம் இதுதான்: தகரத்துக்கு நாக்கு பல்லைத் தொடும், டகரத்துக்கு மேலே வளையும். இரண்டுக்கும் நடுவில், பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நாக்கு முட்டி வெடிக்கிற மூன்றாவது ஒலி ஒன்று இவர்களிடம் இருக்கிறது. நமக்கும் இருந்ததுதான். பள்ளிக்கூடத்தில் க ச ட த ப ற என்று ஒப்பித்தோமே, அந்தக் கடைசி ற வல்லினத்தில் இருக்கிற காரணமே அதுதான். அது வெடிக்க வேண்டிய எழுத்து. மலையாளத்திலும் யாழ்ப்பாணத்திலும் ‘காற்று’ சொல்லும்போது இன்னும் கேட்கலாம். மதுரைக்காரன் நாக்கில் அது ரகரத்துக்குத் தம்பியாகிப் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. முப்பது வருஷமாக ‘ற வருமா ர வருமா’ என்று திருத்திச் சம்பளம் வாங்கிய எனக்கு அந்த எழுத்தின் சத்தம் தெரியாது என்பதைப் பத்து வயதுப் பெண் கண்டுபிடித்துவிட்டாள்.

மூன்றாம் நாள்: மழை

மாசியில் மழை. டீச்சருக்குப் பள்ளிக்கூடம். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

கன்னேரிமுக்கு வரைக்கும் ஆட்டோவில் போய் ஜான் சல்லிவனின் பங்களாவைப் பார்த்தேன். 1819-ல் கட்டத் தொடங்கிய வீடு. கோவை கலெக்டராக இருந்தவர் குளிருக்கு ஆசைப்பட்டு மலை ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். ஊட்டியைக் ‘கண்டுபிடித்தவர்’ என்று எழுதுவார்கள். இனி அந்தச் சொல் என் மேஜைக்கு வந்தால் பென்சில் எடுப்பேன்.

மத்தியானம் டீக்கடை ரேடியோவில் ரேடியோ கோத்தகிரி, 90.4. உள்ளூர் சமுதாய வானொலி. ஏதோ ஒரு மலைமொழியில் பேச்சு ஓடியது. “இது எந்த பாஷைண்ணா?” என்று கடைக்காரரைக் கேட்டேன். அவர் படகர். கொஞ்சம் காது கொடுத்துவிட்டு, “இருளருங்க” என்றார். மலையில் இது ஒரு சாதாரண திறமை. தனக்குப் பேச வராத மொழியைக்கூட யாருடையது என்று அடையாளம் தெரியும். தோடருக்கும் கோத்தருக்கும் படகருக்கும் குறும்பருக்கும் பல நூறு ஆண்டுகளாகக் கொடுக்கல் வாங்கல். கோத்தர் இரும்புச் சாமானும் பானையும் வாத்தியமும் கொடுத்தார்கள். படகர் தானியம் கொடுத்தார்கள், தோடர் நெய் கொடுத்தார்கள், குறும்பர் காட்டில் இருந்து கொண்டுவந்தார்கள். காசு புழங்காத சந்தையில் நாலு மொழி புழங்கியிருக்கிறது. ஒருத்தர் மொழியை இன்னொருத்தர் விழுங்கவும் இல்லை.

மாலை முழுக்க சுக்குக் காப்பி.

நாலாம் நாள்: முத்தோரை பாலாடா

ஊட்டிக்கு வந்து, அங்கிருந்து பாலாடா. பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் அங்கேதான். கேரட் வயல்களுக்கு நடுவில் அமைதியான இடம். கோத்தர் வாத்தியங்கள் முன்னால் அதிக நேரம் நின்றேன். கொள் என்கிற ஊதுகருவி, நம் நாகசுரத்துக்குச் சின்னத் தம்பி மாதிரி. தபட்க் என்கிற பறை. கொப் என்கிற வளைந்த கொம்பு.

இந்த வாத்தியங்களுக்குள் ஒரு பழைய தகராறு இருக்கிறது. ஒரு காலத்தில் படகர் வீட்டுச் சாவுக்கும் தோடர் வீட்டுச் சாவுக்கும் கோத்தர் வந்து வாசித்தாக வேண்டும். வாசிப்பதற்குக் கூலி உண்டு, கூடவே தாழ்வும் உண்டு. இறந்த எருமையின் இறைச்சியும் இவர்களுக்கு என்று ஆனதால் மற்றவர்கள் தள்ளி நிற்க வைத்தார்கள். 1930-களில் கோத்தர்களுக்குள்ளேயே ‘இனி போகக் கூடாது’ என்று குரல் எழுந்தது. அந்தக் குரலில் முக்கியமானவர் கொல்மேல் ஊர்க்காரர் சுள்ளி.

சுள்ளியைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். தன் மக்களில் முதலில் ஆங்கிலப் படிப்புப் படித்தவர், பள்ளிக்கூட வாத்தியார். கோத்த ஆண்கள் நீளமாகத் தலைமுடி வளர்த்து முடிந்துகொள்கிற காலத்தில் இவர் கிராப்பு வெட்டிக்கொண்டார். ஊர் கொந்தளித்தது. முடிதானே என்று நமக்குத் தோன்றும். 1924-ல் வந்த விஷக்காய்ச்சலில் பூசாரிகள் உள்படப் பலரைப் பறிகொடுத்து, தெய்வக்குற்றமோ என்று பயந்துபோயிருந்த ஊர் அது. அங்கே கத்தரிக்கோல் சின்ன விஷயம் இல்லை.

அந்த சுள்ளியிடம்தான் எமனோ வந்து சேர்ந்தார். மரே பார்ன்சன் எமனோ, கனடாவில் நோவா ஸ்கோஷியாவில் ஒரு மீன்பிடி ஊரில் 1904-ல் பிறந்தவர். சம்ஸ்கிருதம் படித்தவர். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, இந்த மலையில் தோட மொழியையும் கோத்த மொழியையும் எழுதி எடுத்தார். சுள்ளி கதை சொல்லச் சொல்ல இவர் கையால் எழுதினார். தொன்மங்கள், ஊர்ச்சண்டைகள், செத்தவர் பற்றிய கதைகள் எல்லாம். 1944-ல் இருந்து 1946 வரை நாலு பாகமாகக் கலிபோர்னியாவில் அச்சானது. எழுத்தே இல்லாத மொழிக்கு முதல் புத்தகம் பசிபிக் கரையில்! பின்னால் தாமஸ் பர்ரோவுடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பு அகராதியை 1961-ல் கொண்டுவந்தபோதும் கோத்தச் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. 101 வயது இருந்து, 2005-ல் காலமானார். கோத்தமும் தோடமும் தமிழுக்கோ கன்னடத்துக்கோ கிளை இல்லை, தனி மொழிகள் என்று சந்தேகம் இல்லாமல் காட்டியவர் அவர்தான். கால்டுவெல் செய்த பிழையைத் திருத்தியவர். என் சாதி.

ராத்திரி ஊட்டி அறையில் டீச்சருக்குப் போன் போட்டு சுள்ளியைப் பற்றிக் கேட்டேன். “பெரிய மனுஷன்தான்” என்றார். கொஞ்சம் விட்டு, “ஆனா ஒருத்தர் சொன்ன கதை ஏழு ஊர் கதையும் ஆயிடாதே சார். இன்னொரு பாட்டிகிட்ட கேட்டிருந்தா வேற சொல்லியிருப்பா.”

எமனோ பதிந்த ஒரு சொல்லை அவரிடம் படித்துக் காட்ட ஆசைப்பட்டேன், முடியவில்லை. ஒரு ஆள் இன்னொரு ஆளைக் கொண்டு மூன்றாம் ஆளைப் பயமுறுத்த வைப்பான் என்ற காரணத்தால் — இவ்வளவும் ஒரே சொல். நம் எழுத்தில் போட்டால் இப்படி வரும்:

அன்ஜ்ர்ச்க்ச்க்வ்த்க்

எண்ணிப் பாருங்கள். ஓர் உயிர், பத்து மெய். முதலில் இருப்பது நம் ‘அஞ்சு’தான், பயப்படுகிற அஞ்சு. அப்புறம் செய்யவைத்தல், இன்னொருவரைக் கொண்டு செய்யவைத்தல், காலம், காரணம் என்று ஒட்டு மேல் ஒட்டு. ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு காலத்தில் உயிர் இருந்திருக்கும். இந்த மொழி அவற்றை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டது. ககரத்தைக் காப்பாற்றிய அதே மொழி உயிர்களைக் காற்றில் விட்டிருக்கிறது. இரண்டாம் நாள் நான் ‘பழசு’ என்று சொன்னதற்கு டீச்சர் ஏன் முகம் சுளித்தார் என்பது இப்போதுதான் உறைத்தது. எதுவும் அப்படியே உறைந்து நிற்கவில்லை. அவர்கள் போன பாதை வேறு, நாம் வந்த பாதை வேறு.

பத்துப் புள்ளி வைத்த ஒரு சொல் ஏதாவது கையெழுத்துப் பிரதியில் என்னிடம் வந்திருந்தால் தட்டச்சுப் பிழை என்று வெட்டியிருப்பேன்.

ஐந்தாம் நாள்: குர்கோஜ்

டீச்சர் பிறந்த ஊர் சோலூர் கோக்கால். கட்டிக்கொடுத்த ஊர் கோத்தகிரி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பேத்தியோடு ஊட்டிக்கு வந்து என்னையும் சேர்த்துக்கொண்டார். தலைகுந்தா தாண்டும்போது புல்வெளியில் உறைபனி உப்பு தூவினது மாதிரி கிடந்தது.

ஏழு ஊர் எப்படி வந்தது என்று பஸ்ஸில் பேத்தியைக் கேட்டேன். கறுப்புப் பசு ஒன்று முன்னால் நடந்ததாம், கோத்தர் பின்னால் போனார்களாம். பசு எங்கெங்கே காலை ஊன்றியதோ அங்கங்கே ஒரு ஊர். அதனால்தான் கோக்கால். பசுவுக்கு அவள் சொன்ன சொல் ‘ஆவ்’. ஆவின் பால் பாக்கெட்டில் நாம் தினமும் படிக்கிற ஆ. அவள் அதைப் பேச்சில் சொல்கிறாள்.

டீச்சரின் அம்மாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். என்னைப் பார்த்ததும் தமிழில், “வாங்க தம்பி, குளிருக்குக் கிட்ட வந்து உக்காருங்க” என்று அடுப்படிக்கு அழைத்தார். தமிழ் நன்றாக வருகிறது. மகளிடம் கோவ் மாந்த். வாசலில் காய் கொண்டுவந்தவரிடம் படகர் மொழி. டிவியில் ஓடிய சீரியலுக்குத் தமிழில் திட்டு. பேத்தியிடம்?

அங்கேதான் கவனித்தேன். கொள்ளுப்பாட்டி கோத்தத்தில் கேட்கிறார், பேத்தி தமிழில் பதில் சொல்கிறாள். பாட்டி மறுபடி கோத்தத்தில் கேட்கிறார். பேத்தி பாதி கோத்தம், பாதி தமிழ். மூன்றாம் முறை கேட்ட பிறகுதான் முழுசாக வருகிறது. பாட்டி அதுவரை விடவில்லை. அதட்டவும் இல்லை. காது கேட்காதவர் மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். காது நன்றாகவே கேட்கிறது என்பது நான் மெதுவாகச் சொன்ன எதையும் அவர் தவறவிடாததில் தெரிந்தது.

ஆயிரம் பேர் மொழி அழியப்போகிறது என்று எழுதுவது சுலபம். யுனெஸ்கோ பட்டியலிலும் இது மிக ஆபத்தான நிலையில் என்றுதான் இருக்கிறது. ஆனால் வெள்ளைக்காரன் கணக்கெடுத்த காலத்திலும் கோத்தர் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். அதாவது, இது பெரிய மொழியாக இருந்து சுருங்கிய மொழி இல்லை. சின்ன மொழியாகவே நின்ற மொழி. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும், சாமி கும்பிடுவதும், சாவுக்கு அழுவதும் இந்த ஏழு ஊருக்குள்ளேயே நடந்ததால் நின்றது. ஆள் குறைச்சல் என்பதைவிட, வீட்டுக்குள் தமிழும் ஆங்கிலமும் எந்த அறை வரைக்கும் வந்திருக்கின்றன என்பதுதான் எனக்குக் கவலையாகப் பட்டது. வந்து உட்கார்ந்திருக்கிற அதில் ஒன்று என் மொழி. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாவு என்றதும் பாட்டி இரண்டு சாவு சொன்னார். பச்ச தாவ், வறள் தாவ். இறந்ததும் செய்வது பச்சை. பின்னால் ஒரு காலத்தில், இறந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் செய்வது வறண்டது. இதில் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பச்சைப் புண், காய்ந்த புண் என்று நாமும் சொல்கிறோமே.

அப்புறம் கேட்டதுதான் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த சொல். ‘கொலேல்’. கொல்லன் பட்டறைக்கு அதுதான் சொல். கோயிலுக்கும் அதே சொல்தான். தனித்தனியாக இரண்டு சொல் இல்லையா என்று கேட்டேன். பாட்டிக்குக் கேள்வியே விளங்கவில்லை. இரும்பு அடித்து மலை முழுக்க அரிவாளும் மண்வெட்டியும் கொடுத்தவர்களுக்கு உலைக்களமும் சாமி இருக்கும் இடமும் ஒரே பேரில் இருப்பதில் என்ன ஆச்சரியம்? ஆனால் அகராதியில் இரண்டு பொருள் என்று 1, 2 போட்டு நான் பிரிப்பேன். பாட்டி பிரிக்க மாட்டார்.

மத்தியானம் சாமைச் சோறும் அவரைக் குழம்பும். வயிறு நிறைந்த தைரியத்தில் ஒரு விதி கண்டுபிடித்தேன். கோழி இங்கே கோஜ், புலி இங்கே புஜ். அப்படியானால் வழிக்கு? “வஜ்!” என்று அறிவித்தேன். பேத்தி பாயில் உருண்டாள். பாட்டியே வாயைப் பொத்திக்கொண்டார். அப்படி ஒரு சொல் இல்லையாம். என் விதி அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

கிளம்பும்போது பேத்தி எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தாள். மூன்றில் அந்தப் பொல்லாத நடு ஒலி வருகிறது, தப்பு. ஐந்தும் ஆறும் சுலபம், அப்படியே நம்முடையது. ஏழு வந்தால் ‘ஏய்’. யாரையோ கூப்பிடுகிற மாதிரி. ஏழு ஊரையும் ஒரே மூச்சில் கூப்பிடுகிற மாதிரி என்று எழுத ஆசையாக இருக்கிறது. டீச்சர் இதைப் படிப்பார், ஆகவே வேண்டாம்.

பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து போனில் அடித்தேன்: ‘சென்ற ஐப்பசி இதழில் கோத்தர் பேசுவது தமிழின் கொச்சை வடிவம் என்று வெளியானது தவறு. அது தனி மொழி.’ டீச்சரிடம் காட்டினேன். படித்தார். “வருத்தம் தெரிவிக்கிறோம்னு போடுவீங்கன்னு நினைச்சேன்” என்றார். போட்டேன். சந்தி பார்த்தேன். அனுப்பினேன்.

என் பெட்டி இன்னும் கோத்தகிரி லாட்ஜில் இருந்தது. மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். கூட்டம். அவர்களுக்கு முன்னால் இடம் கிடைத்தது, எனக்குப் பின்னால். கண்டக்டர் வந்து “எங்க சார்?” என்றார்.

“பொர்கார் ஒண்ணு” என்றேன்.

“எந்த ஸ்டாப்பு?”

முன் சீட்டில் இருந்து டீச்சர் திரும்பாமலேயே குரல் கொடுத்தார். “அவருக்கு கோத்தகிரி ஒண்ணு குடுங்க.” பக்கத்தில் பேத்தியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.